பூச்சுக்கு அடியில

எங்க ஷெட்டுக்கு வண்டி கொண்டுவர்றவங்க யாரா இருந்தாலும் சரி, அண்ணன் முதல்ல வண்டிகூடத்தான் பேசுவாரு. சட்டைப் பையில ஒரு காந்தம் வெச்சிருப்பாரு, பழைய ஸ்பீக்கர்லேருந்து கழட்டினது. அதைக் கதவு மேல வெப்பாரு, ஒட்டிக்கும். கொஞ்சம் தள்ளி வெப்பாரு, வழுக்கி விழும். விழுந்த இடத்தை விரல் முட்டியால தட்டிப் பாத்துட்டு, இங்க ஒரு தடவை அடி வாங்கியிருக்கு, பட்டி வெச்சு மூடியிருக்கான்னு சொல்லுவாரு. அடியே படாத வண்டின்னு நம்பி வாங்கினவன் மூஞ்சி தொங்கிப் போயிடும்.

அண்ணன் பெயின்டர். அடி வாங்கின வண்டியைத் தட்டி நிமித்தறது அண்ணியோட தம்பி. நிமித்தினது போக மிச்சம் இருக்கற பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்பி, உப்புத்தாள்ல தேச்சு, மேல பெயின்ட் அடிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கறது அண்ணன். ரெண்டாவது கோட்டு அடிக்காம வண்டியை வெளிய விடமாட்டாருங்கறதால தெருவுல அவருக்கு ரெண்டாங்கோட்டுன்னு பேரு. ஷெட்டோட ஒரு மூலையில நான் சீட் கவர் தைக்கறேன். அவங்களுக்குச் சொந்தம் ஒண்ணும் இல்ல. ஆனா ஷெட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு, என் மெஷின் அந்தக் கதவுக்கு நேர் எதிர்ல. அந்த வீட்டுல யாரு யாரை முறைச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சுக்கணும்கறது என் குணமும்தான், அதை எதுக்கு மறைக்கணும்.

வாழ்நாள் பூரா மூடற வேலை பாத்த மனுசனுக்கு, மூடியிருக்கற எதையும் நம்ப முடியாமப் போச்சு. டீக்கடை பன்னைக்கூடப் பிச்சு உள்ள பாத்துட்டுத்தான் வாயில போடுவாரு. யாராவது கொஞ்சம் சிரிச்சுப் பேசிட்டாப் போதும், இவன் எதை மூடறான்னு என்கிட்ட வந்து கேப்பாரு. "பூச்சுன்னு ஒண்ணு இருந்தா அடியில ஒரு பள்ளம் இருக்கும் தங்கச்சி. இல்லேன்னா எதுக்குப் பூசறான்?" நான் ரெக்ஸினுக்குள்ள பழைய பஞ்சை வெச்சுத் தைக்கற ஆளு, இதுக்கு என்ன பதில் சொல்றது. தலையை ஆட்டிட்டு மெஷினை மிதிப்பேன்.

வருசா வருசம் வெயில் தணிஞ்சு பொழுது சீக்கிரம் இருட்ட ஆரம்பிச்சா அண்ணனுக்கு ஒரு மாதிரி ஆயிடும். நல்லா வேலை பாத்துக்கிட்டு இருக்கறவரு, விளக்கு போடற நேரத்துக்கு ஸ்ப்ரே கன்னைக் கீழ வெச்சுட்டுப் பின்னாடி போயிடுவாரு. ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது வலது கண்ணு மட்டும் செக்கச்செவேல்னு, இமை பாதி தொங்கி, அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகிக்கிட்டு, சட்டையைப் பிழிஞ்சா வேர்வை கொட்டும். ரெண்டு மாசம் தினமும் இதே கூத்து. அப்புறம் கைய வெச்சு நிறுத்தின மாதிரி நின்னுடும், அடுத்த வருசம் வரைக்கும் ஒண்ணும் கிடையாது.

நான் முதல்ல குடின்னுதான் நினைச்சேன். பக்கத்துல போய் நின்னு பாத்தேன், வாசம் இல்ல. அப்ப தின்னரை மோந்து பாக்கறாருன்னு முடிவு கட்டினேன். பெயின்ட் வேலையில அப்படி வீணாப் போனவங்களைப் பாத்திருக்கேன். அண்ணிகிட்ட ஜாடையாக் கேட்டா, தலைவலின்னாங்க. தலைவலிக்காரங்க படுத்துக்குவாங்க, சத்தம் போடாதேன்னுவாங்க. இவரு பின்னாடி போய் தகரத்தைத் தகரத்தை இடிக்கறாரே, அது எந்த ஊரு தலைவலி? அண்ணியும் எதையோ மூடறாங்கன்னுதான் எனக்குப் பட்டுச்சு.

போன வருசம் ஒரு சாயங்காலம் தகரம் அதிர்ந்தப்போ, கையும் களவுமாப் பிடிச்சுடலாம்னு பின்னாடி போனேன். பெயின்ட் அடிக்கறதுக்குன்னு, பின்பக்கத் தகரச் சுவரை ஒட்டி பிளாஸ்டிக் தாள் கட்டின கூடாரம் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள அண்ணன் நடந்துக்கிட்டிருந்தாரு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். நின்னு நெத்தியைத் தகரத்துல மோதுவாரு, திரும்ப நடப்பாரு. கையில பட்டித் தகடு. பட்டியை வழிச்சுப் பூசற அந்த மெலிசான இரும்புத் தகடு. அதோட முனையை வலது கண்ணுக்குக் கீழ வெச்சு அழுத்திக்கிட்டிருந்தாரு. அண்ணி எங்கேருந்துதான் வந்தாங்களோ, என்னைத் தள்ளிட்டு உள்ள போனாங்க. அவர் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத் தகட்டை உருவி எடுத்துப் புடவைக்குள்ள சொருகிக்கிட்டாங்க. அண்ணன் குழந்தை மாதிரி அழுதாரு. தோண்டி எடுத்துடறேன்டி, விட்டுடுடின்னாரு. அண்ணி அவர் பிடரியைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தாங்க.

அன்னைக்குத்தான் எனக்கு இன்னொண்ணும் புரிஞ்சுச்சு. அந்த ரெண்டு மாசமும் சாயங்காலமானா ஷெட்டுல பட்டித் தகடு ஒண்ணுகூடக் கண்ணுல படாது. தம்பிதான் எங்கயோ போட்டுட்டான்னு அண்ணன் அவனைக் கிழிகிழின்னு கிழிப்பாரு. அவனும் வாயே திறக்காம வாங்கிக் கட்டிக்குவான்.

இந்த வருசம் பொழுது குறைய ஆரம்பிச்ச உடனே அண்ணியும் தம்பியும் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடி பாக்காத வைத்தியம் இல்ல. கண்ணாடி மாத்தினாங்க, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க, பல்லு போனதுதான் மிச்சம். இது தலை நரம்பு பாக்கற டாக்டரம்மா. எனக்கு அங்க வேலையே இல்ல, ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா என்னைக் கூப்பிட்டாங்க. அண்ணி, டாக்டர் சொல்றதை இவர் மாத்திச் சொல்லுவாரு நீ கேட்டுக்கோன்னாங்க. அண்ணன், அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கறாங்கன்னு பாருன்னாரு. ரெண்டு கட்சிக்கும் நானே சாட்சி.

டாக்டரம்மா, வலி வந்தா படுப்பீங்களா நடப்பீங்களான்னு கேட்டாங்க. அண்ணன் என்னைத் திரும்பி முறைச்சாரு, நான் போட்டுக் குடுத்துட்டேன்னு. அப்புறம் அவங்களே சொன்னாங்க, ஒரே பக்கம், ஒரே நேரம், ஒரே பருவம், கண்ணு சிவக்கும், மூக்கு ஒழுகும், உக்கார முடியாது, இது தனி ஜாதித் தலைவலி, கொத்துக் கொத்தா வரும்னு. வந்தப்புறம் அடக்கறதுக்கு ஆக்சிஜன் மூச்சு இழுக்கணும், அதுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்னாங்க. உடனே தம்பி, வெல்டிங் சிலிண்டர் நம்மகிட்டயே இருக்குன்னான். டாக்டரம்மா அவனைப் பாத்த பார்வையில அவன் வெளிய போய் நின்னுட்டான். வராமலே தடுக்கறதுக்கு வேற மருந்து. இந்தப் பருவம் முடியற வரைக்கும் தினமும் காலையில ஒரு கேப்சூல், வலி இருந்தாலும் இல்லாட்டியும். உள்ள போய் ஒரு நாள் பூரா மெதுவாக் கரையுமாம். முதல்ல நெஞ்சுத் துடிப்பைப் பாத்துட்டுத்தான் மருந்து குடுக்கணும்னு மார்ல ஒயர் ஒட்டினாங்க.

அங்கதான் வினை ஆரம்பிச்சுச்சு. தலைவலிக்கு வந்தவனுக்கு நெஞ்சுல எதுக்கு ஒயர்னு அண்ணன் வழி பூரா கேட்டுக்கிட்டே வந்தாரு. போதாக்குறைக்கு மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பாத்துட்டு, எத்தனை நாளா உங்களுக்கு பிரஷர்னு விசாரிச்சாரு. பிரஷருக்கும் இதே மருந்து, தலைவலிக்கும் இதே மருந்துன்னு அவர் பின்னாடி விளக்கினது அண்ணன் காதுல ஏறவே இல்ல. எனக்கு பிரஷரே கிடையாது, என்னைச் சுருட்டிப் படுக்க வைக்கப் பாக்கறாங்க தங்கச்சின்னு அன்னைக்கு மத்தியானம் என் மெஷின்கிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு. யாருண்ணேன்னு கேட்டேன். கண்ணாலயே தம்பியைக் காட்டினாரு. அவன் பாவம், வண்டிக்கு அடியில கிடந்து தட்டிக்கிட்டிருந்தான்.

கேப்சூலை அவர் தொடவே மாட்டாருன்னு நாங்க எல்லாரும் நினைச்சோம். ஆனா மறுநாள் காலையில அவரே கேட்டு வாங்கினாரு. ஒரு டம்ளர் தண்ணியையும் எடுத்துக்கிட்டு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள போய், முதுகைத் திருப்பிக்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வாயைத் துடைச்சுக்கிட்டு வந்தாரு. தினமும் அப்படித்தான். அண்ணிக்கு சந்தேகம், எங்கயாவது எறியறாரோன்னு. பெருக்கும்போது குப்பையைக் கிளறிப் பாத்தாங்க, ஒண்ணும் கிடைக்கல.

வலி நிக்கல. விளக்கு போடற நேரத்துக்குத் தவறாம வந்துச்சு. அதுக்கு மேல புதுசா ஒண்ணும் வந்துச்சு. காலையில வேலை ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அண்ணன் தளந்து போயிடுவாரு. கன்னைப் பிடிச்ச கை தானா இறங்கும், பெயின்ட் வழிஞ்சு ஓடும். அந்த மனுசன் கையில பெயின்ட் வழிஞ்சு நான் பாத்ததே இல்ல. டிரம்மு மேல உக்காந்துக்குவாரு, முகம் பிரைமர் அடிச்ச தகரம் மாதிரி வெளிறிக் கிடக்கும். டாக்டரம்மா மாசம் முடிஞ்சுதான் வரச் சொல்லியிருந்தாங்க. நடுவுல தலை சுத்தினா உடனே வரணும்னும் சொல்லியிருந்தாங்க. அண்ணி கூப்பிட்டுப் பாத்தாங்க. போனா மருந்தைக் கூட்டுவாங்கன்னு அண்ணன் நகரல.

அப்புறம் டீ. அண்ணி டம்ளரைக் கொண்டுவந்து வெச்சா, அண்ணன் தொடமாட்டாரு. தம்பியைக் கூப்பிட்டு, நீ முதல்ல குடின்னுவாரு. அவன் ஒரு வாய் குடிச்சதும் அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பாரு. அப்புறம்தான் மிச்சத்தைக் குடிப்பாரு. அண்ணி கதவுகிட்ட நின்னு இதைப் பாத்தாங்க. அடுத்த நாள்லேருந்து தம்பிக்கும் சேத்து ரெண்டு டம்ளராக் கொண்டுவந்து வெச்சாங்க. அண்ணன் அதுல தம்பி டம்ளரை எடுத்துக்கிட்டுத் தன்னோடதை அவன்கிட்ட தள்ளினாரு.

என் புத்தி மட்டும் சும்மா இருக்குமா? வலியும் நிக்கல, ஆளும் தேய்ஞ்சுக்கிட்டே வர்றாரு, அப்ப அந்த வீட்டுல அவர் வாய்க்குள்ள வேற ஏதோ போகுது. நான் அண்ணி கையையே பாக்க ஆரம்பிச்சேன். சர்க்கரை போடற கை, சாப்பாடு போடற கை. மாமா இப்படியே இருந்தா பெயின்டுக்கு வேற ஆள் பாக்கணும்க்கான்னு தம்பி ஒரு நாள் சொன்னது என் காதுல விழுந்துச்சு. அண்ணி பாக்கலாம்னு சொன்னதும் விழுந்துச்சு. அன்னைக்கு அண்ணி எனக்குக் கொண்டுவந்த டீயை ரெக்ஸின் கழிவு மேல ஊத்திட்டேன்.

ஒரு நாள் காலையில, ஒரு வேன் கதவுக்கு ரெண்டாவது கோட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஸ்ப்ரே கன் சத்தம் தடுமாறிச்சு. நான் நிமிந்து பாத்தேன். அண்ணன் கதவைப் பிடிச்சுக்க ஒரு கைய நீட்டினாரு, ஈரப் பெயின்டுல அஞ்சு விரலும் அப்படியே இழுத்துக்கிட்டுக் கீழ வந்துச்சு, ஆளும் வந்துட்டாரு. தம்பி சுத்தியலைப் போட்டுட்டு ஓடி வந்தான். அவரைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வண்டிக்கு ஓடினவன், மாமா மாமான்னு அலறின அலறல் இன்னமும் என் காதுல இருக்கு.

ஆஸ்பத்திரியில நாடி ரொம்ப சுணங்கியிருக்கு, பிரஷர் தரைக்குப் போயிடுச்சுன்னு கையில பாட்டிலை ஏத்திப் படுக்க வெச்சாங்க. டாக்டரம்மா வந்தப்போ அண்ணன் கண்ணைத் திறந்துட்டாரு. கட்டில் கால்மாட்டுல அண்ணி, சுவரோரமா தம்பி, கதவுகிட்ட நான். அண்ணன் அண்ணியை நேராக் காட்டி, "இவ எதையோ கலக்கறா. என்னன்னு கண்டுபிடிங்க"ன்னாரு. அண்ணி அசையல. பொய் சொல்லுவானேன், நானும் அண்ணியைத்தான் பாத்தேன்.

டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாம, கேப்சூலை எப்படிச் சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் எங்க யாருக்கும் கேக்கத் தோணாத கேள்வி.

அண்ணனுக்கு அந்த நிலையிலயும் ஒரு பெருமை. தலையணைக்குப் பக்கத்துல கிடந்த சட்டையை எடுக்கச் சொன்னாரு. பையில கைய விட்டாரு, முதல்ல காந்தம் வந்துச்சு, அப்புறம் ஒரு சின்னப் பட்டித் தகடு. அதைப் பாத்ததும் அண்ணி மூச்சை உள்ள இழுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அது ஒண்ணு மட்டும் அவங்க கைக்குத் தப்பிச்சிருக்கு.

"மேல் ஓட்டைக் கழட்டிடுவேன். உள்ள குட்டிக் குட்டி உருண்டையா இருக்கு. ஒவ்வொரு உருண்டை மேலயும் ஒரு பூச்சு பூசியிருக்கான், வெளிச்சத்துல பாத்தா பளபளன்னு தெரியும். நான் ஏமாறுற ஆளா? பட்டி குழைக்கற கண்ணாடித் தட்டுல போட்டு, இந்தத் தகட்டால கட்டியே இல்லாம நைசா நசுக்கி, பூச்செல்லாம் உடைஞ்சப்புறம்தான் தண்ணியில கலக்கிக் குடிப்பேன். ஓட்டையும் வீணாக்காம முழுங்கிடுவேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. திட்டல. ஒரு நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டிய மருந்தை நீங்க காலையில ஒரே வாய்ல இறக்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க. அத்தனையும் ஒண்ணா ரத்தத்துல ஏறினதாலதான் தலை சுத்தி விழுந்தீங்க, சாயங்காலம் வலி வர்ற நேரத்துக்கு மிச்சம் போதாம வலியும் வந்துச்சு. அந்தப் பூச்சு எதையும் மறைக்கறதுக்கு இல்ல. மெதுவாக் கரையறதே அந்தப் பூச்சாலதான்.

"பூச்சுதான் காக்குதுன்னு நானும்தான் வண்டிக்காரன்கிட்ட சொல்றேன்"னாரு அண்ணன். அண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. மருந்து விஷயம் தீந்தாலும் டீ விஷயம் தீரலன்னு அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுச்சு.

அண்ணி கட்டிலைச் சுத்திக்கிட்டுத் தலைமாட்டுக்கு வந்தாங்க. தகட்டை அவர் கையிலேருந்து எடுக்கல. அவர் கையோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எத்தனை வருசமா இதை உங்க கையிலேருந்து பிடுங்கறேன்? தினமும் பொழுது சாயும்போது தேடித் தேடி எடுத்து ஒளிச்சு வெக்கறேன். தம்பி தொலைச்சான்னு நீங்க திட்டும்போதெல்லாம் அவன் வாயை மூடிக்கிட்டு நின்னது எதுக்கு? நீங்க போகணும்னு நான் நினைச்சிருந்தா டீயில எதையும் கலக்க வேண்டாம்ங்க. ஒரு நாள், ஒரே ஒரு சாயங்காலம், இதை உங்க கையில விட்டுட்டு நான் கடைக்குப் போயிருந்தாப் போதும்."

தம்பி சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டான், தோளு குலுங்குச்சு. எனக்கு அந்த ரெக்ஸின் மேல ஊத்தின டீதான் ஞாபகம் வந்துச்சு. அண்ணன் ரொம்ப நேரம் தகட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

"எங்க ஒளிச்சு வெப்ப?"

"சொல்லமாட்டேன். அடுத்த வருசமும் வேணும்ல"ன்னாங்க அண்ணி.

கொஞ்ச நாள் மருந்தை நிறுத்தி, நாடி தேறினதும் மறுபடி நெஞ்சுத் துடிப்பைப் பாத்து, கம்மி அளவுல திரும்ப ஆரம்பிச்சாங்க. ஷெட்டுக்கு வந்த முதல் நாள் காலையில, அண்ணன் கூடாரத்துக்குள்ள போகல. எல்லாரும் பாக்க நடு ஷெட்டுல நின்னாரு. கேப்சூலை உள்ளங்கையில வெச்சு உத்துப் பாத்தாரு. சும்மா இருப்பாரா, பையிலேருந்து காந்தத்தை எடுத்து அது மேல வெச்சுப் பாத்தாரு. ஒட்டல. தம்பி சிரிப்பை அடக்கிக்கிட்டு வண்டிக்கு அடியில போயிட்டான். அண்ணன் கண்ணை மூடிக்கிட்டு முழுசா முழுங்கினாரு. தொண்டை ஏறி இறங்கினதை நான் பாத்தேன்.

அன்னைக்கே வலி நின்னுடல. சாயங்காலம் ஆக ஆக நாங்க எல்லாரும் வேலை பாக்கற மாதிரி பாவலா பண்ணிக்கிட்டிருந்தோம். வெளிச்சம் மங்குச்சு. அண்ணன் கன்னைக் கீழ வெச்சாரு. வலது கண்ணு ஓரம் நனைய ஆரம்பிச்சிருந்துச்சு. பின்னாடி போகக் கிளம்பினவரு நின்னாரு, திரும்பி வந்தாரு, பையிலேருந்து அந்தச் சின்னத் தகட்டை எடுத்து அண்ணி கையில வெச்சாரு. அப்புறம்தான் கூடாரத்துக்குள்ள போனாரு. அண்ணி அதைப் புடவைக்குள்ள சொருகிக்கிட்டுப் பின்னாடியே ஓடினாங்க. தகரம் அதிர்ந்துச்சு. அவங்க ரெண்டு பேர் காலடியும் போறதும் வர்றதுமாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இவ்வளவு நாளும் கேட்ட சத்தம்தான், ஆனா அன்னைக்கு எனக்குத் தையல் ஓடல, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதேன்.

டாக்டரம்மா அப்பப்போ நெஞ்சைப் பாத்துப் பாத்து அளவைக் கூட்டினாங்க. வலி முதல்ல சின்னதாச்சு. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துச்சு. அப்புறம் ஒரு சாயங்காலம் தம்பி விளக்கைப் போட்டான், அண்ணன் கன்னைக் கீழ வெக்கல. அதுவரைக்கும் காத்துக்கிடந்த அந்த வேன் கதவுக்கு மறுபடி அடிச்சுக்கிட்டிருந்த ரெண்டாவது கோட்டை முடிச்சாரு. முடிச்சுட்டுத் தெருவைப் பாத்தாரு, நல்லா இருட்டிடுச்சு. அவருக்கே சந்தேகம். கன்னை வெச்சுட்டு, வலது புருவத்து மேல விரல் முட்டியால டொக் டொக்னு தட்டிப் பாத்தாரு, வண்டிக் கதவைத் தட்டற மாதிரியே. காதைக் குடுத்துக் கேட்டாரு. திரும்பத் தட்டினாரு.

அண்ணி டீ கொண்டுவந்து பக்கத்துல நின்னாங்க.

"அடியில இருக்குடி. எங்கயும் போகல. எனக்குத் தெரியும்"னாரு.

"இருந்துட்டுப் போகட்டும்ங்க. பூச்சு நிக்குதுல்ல?"ன்னாங்க அண்ணி.

அண்ணன் டம்ளரை வாங்கினாரு. தம்பி பழக்க தோசத்துல கைய நீட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்தான். அண்ணன் அவனைப் பாக்காம, ஊதி ஊதி, கடைசி வாய் வரைக்கும் அவரே குடிச்சாரு.